டே கேர் போதுமா, பிரீ ஸ்கூலுக்கு மாற்ற வேண்டுமா?

வாசகி ஒருவர் எழுதிய நீண்ட கடிதம் இது. அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிச் சுருக்கியிருக்கிறேன்.

அவருக்கும் கணவருக்கும் முழுநேர வேலை. மகளுக்கு இரண்டே முக்கால் வயது. பதினோரு மாதக் குழந்தையாக இருந்ததிலிருந்து ஒரே டே கேரில், காலை ஒன்பது முதல் மாலை ஆறு வரை விடுகிறார்கள். அங்கே ஏறத்தாழ அதே வயதில் எட்டுக் குழந்தைகள். பார்த்துக்கொள்ள இரண்டு பெண்கள். மூத்தவரை மகள் 'அக்கா' என்று அழைக்கிறாள். வீட்டுக்கு வந்த பிறகும் அந்த அக்காவைப் பற்றித்தான் பேச்சு. நான்கைந்து சொற்கள் சேர்த்துப் பேசுகிறாள், பகலில் பெரும்பாலும் கழிப்பறைக்குப் போகச் சொல்லிவிடுகிறாள், தூங்கும்போது டயப்பர் வேண்டியிருக்கிறது.

அண்மையில் ஓர்ப்படியின் மகன் பிரீ ஸ்கூலில் சேர்ந்திருக்கிறான். அவனுக்கும் கிட்டத்தட்ட இதே வயது. ஒன்று முதல் ஐம்பது வரை சொல்கிறான், எழுத்துகளை ஒப்பிக்கிறான், தாள் தாளாக வண்ணம் தீட்டிக்கொண்டு வருகிறான். "இத்தனை நாள் பணம் கட்டியது வெறுமனே பார்த்துக்கொள்வதற்குத்தானா?" என்று மாமியார் கேட்டுவிட்டார். அதே பிரீ ஸ்கூலில் விசாரித்தபோது, இந்த மாதத்துக்குள் சேர்க்காவிட்டால் இடம் இல்லை, பிறகு பெரிய பள்ளியில் குழந்தை திணறும் என்று சொல்லியிருக்கிறார்கள். வகுப்பில் இருபது குழந்தைகள்; ஓர் ஆசிரியை, ஓர் உதவியாளர். டயப்பர் கூடாது. முதல் நாளிலிருந்தே பெற்றோர் வாசலோடு நின்றுவிட வேண்டும். நேரம் ஒன்பதரை முதல் பன்னிரண்டரை வரை. அதற்குப் பிறகு வேனில் இன்னொரு டே கேருக்கு அனுப்பலாம் என்பது ஒரு யோசனை. "நீ ஒரு வருடம் வேலையை விட்டுவிட்டால் இந்தச் சிக்கலே இல்லை" என்பது கணவரின் யோசனை.

கடைசிப் பத்தியில் இப்படி எழுதியிருக்கிறார்: "மாலையில் நான் போய் நின்றதும் அழுகிறாள், செருப்பை எறிகிறாள், தரையில் புரள்கிறாள். அக்காவிடம் அப்படிச் செய்வதே இல்லையாம். குழந்தையை வெளியே விட்ட தவறுக்கு இதுதான் எனக்குத் தண்டனையா?"

ஆலோசகரின் பதில்

அன்புள்ள வாசகிக்கு,

கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். மற்றக் கேள்விகளையும் அந்தக் குற்ற உணர்வுதான் உங்களைக் கேட்க வைத்திருக்கிறது என்று கடிதத்தைப் படிக்கும்போது தோன்றியது.

அது தண்டனை அல்ல. நாள் முழுவதும் ஒரு கூட்டத்துக்குள் இருக்கும் சின்னக் குழந்தை எவ்வளவோ அடக்கிக்கொள்கிறது. பொம்மைக்காகக் காத்திருக்கிறது, தள்ளிவிட்டவனைத் திருப்பித் தள்ளாமல் நிற்கிறது, தூக்கம் வராதபோதும் எல்லோரோடும் படுத்துக்கொள்கிறது. இதற்கெல்லாம் தேவைப்படும் தன்கட்டுப்பாடு உங்கள் மகளின் வயதில் இப்போதுதான் முளைவிடத் தொடங்கியிருக்கும். மாலை ஆறு மணிக்கு அது முழுவதும் செலவாகிவிட்ட நேரத்தில் நீங்கள் வந்து நிற்கிறீர்கள். என்ன செய்தாலும் தன்னைக் கைவிட மாட்டார் என்று யாரைக் குழந்தை நம்புகிறதோ அவர் முன்னால்தான் அது உடைந்து அழும். அக்காவிடம் காட்டாத அழுகையை உங்களிடம் காட்டுகிறாள் என்றால் உங்கள் மீது அவள் வைத்திருக்கும் நம்பிக்கையில் குறை ஏதும் இல்லை.

அந்த நேரத்தில் "இன்று என்ன செய்தாய், என்ன சாப்பிட்டாய்" என்று கேள்வி கேட்காதீர்கள். கைப்பேசியைப் பைக்குள் போட்டுவிட்டு, கிளம்பும் அவசரம் இல்லாமல் பத்து நிமிடம் அவளோடு உட்காருங்கள். பசியாலும் தாகத்தாலும்கூட அழுகை இரட்டிப்பாகும். குடிக்கவும் கடிக்கவும் ஏதாவது கையில் இருக்கட்டும். சில வாரங்களில் அழுகை குறையும். ஒன்றை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள்: காலையில் விட்ட பிறகு மணிக்கணக்கில் அழுகிறாள், குறிப்பிட்ட ஒருவரைப் பார்த்தாலே ஒடுங்குகிறாள், உடலில் காரணம் தெரியாத தடங்கள் இருக்கின்றன, திடீரென்று பேச்சோ தூக்கமோ மாறிவிட்டது என்றால் அன்றைக்கே விசாரிக்க வேண்டும். நீங்கள் எழுதியதில் அப்படி எதுவும் இல்லை.

இனி பள்ளி விஷயம். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் விவரித்த அந்தப் பள்ளிக்கு, அந்த வேன் ஏற்பாட்டோடு, இப்போது மகளை மாற்ற வேண்டாம். மூன்று வயது தாண்டிய பிறகு நல்லதொரு பிரீ ஸ்கூலைப் பார்க்கலாம். பெயர்ப்பலகையில் எது எழுதியிருக்கிறது என்பதை விட, ஒரு நாளில் உங்கள் மகள் யார் யார் கையில் இருக்கப்போகிறாள் என்பதே முக்கியம். காரணங்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

வேறுபாடு எங்கே இருக்கிறது

டே கேர் பெற்றோரின் வேலை நேரத்தை ஒட்டி அமைந்த இடம். சில மாதக் குழந்தை முதல் சேர்த்துக்கொள்வார்கள். காலை முதல் மாலை வரை, ஏறக்குறைய ஆண்டு முழுவதும் திறந்திருக்கும். ஊட்டுவது, தூங்க வைப்பது, டயப்பர் மாற்றுவது எல்லாம் அங்கே அன்றாட வேலைகள். பிரீ ஸ்கூல் குழந்தையின் கற்றலை மையமாக வைத்தது. இரண்டரை, மூன்று வயதிலிருந்து பெரிய பள்ளிக்குப் போகும் வரை, ஒரே வயதுக் குழந்தைகளை ஒரு வகுப்பாக்கி, தினமும் சில மணி நேரம், பாடத்திட்டம் ஒன்றை வைத்துக்கொண்டு நடத்துவார்கள். பள்ளிக்கு உண்டான விடுமுறைகள் அதற்கும் உண்டு. ஆசிரியைக்குத் தனிப் பயிற்சி இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பார்கள். உரிமம் தரும் துறையும் கண்காணிக்கும் விதிகளும் பல நாடுகளில் இரண்டுக்கும் வெவ்வேறு.

இது நிர்வாக வேறுபாடு. இதை வைத்துக்கொண்டு ஓரிடத்தில் பராமரிப்பு, இன்னோரிடத்தில் கல்வி என்று பிரித்துவிட்டால் குழந்தையைப் பற்றிய புரிதலே தவறிப்போகும். மரியா மாண்டிசோரி தம் முதல் 'குழந்தைகள் இல்ல'த்தை 1907 ஜனவரி 6 அன்று ரோம் நகரின் சான் லொரென்சோ பகுதியில், ஏழைத் தொழிலாளர்கள் குடியிருந்த ஓர் அடுக்குக் கட்டடத்தில் தொடங்கினார். பெற்றோர் வேலைக்குப் போன பிறகு பிள்ளைகள் கவனிப்பாரின்றித் திரிந்து கட்டடத்தைப் பாழாக்கினார்கள். அவர்களைப் பகலில் யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதே கட்டட நிர்வாகத்தின் தேவையாக இருந்தது. உலகம் முழுவதும் மழலையர் கல்விக்கு முன்மாதிரியாகப் பேசப்படும் முறை, உங்கள் மாமியார் சொல்கிற 'வெறுமனே பார்த்துக்கொள்ளும்' இடத்தில்தான் பிறந்தது. சுவீடனில் ஒரு வயது முதல் ஐந்து வயது வரையிலான குழந்தைகள் எல்லோருக்கும் ஒரே வகை நிறுவனம்தான். 1998 முதல் அதற்குத் தேசியப் பாடத்திட்டமும் இருக்கிறது.

மூன்று வயதுக்குக் கீழே குழந்தை பாடவேளையில் கற்பதில்லை. டயப்பர் மாற்றும்போது "இப்போது இந்தக் காலைத் தூக்கலாமா?" என்று ஒருவர் கேட்பது, அது மழலையில் ஏதோ சொல்ல அவர் அதற்குப் பதில் சொல்வது, சாப்பிடும்போது "இன்னொன்று வேண்டுமா?" என்று கேட்டுவிட்டுக் காத்திருப்பது, இவைதான் அந்த வயதின் மொழிப் பாடமும் கணக்குப் பாடமும். அமெரிக்காவின் தேசியக் குழந்தை நல, மனித வளர்ச்சி நிறுவனம் 1991-இல் தொடங்கி, 1,300-க்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பிறந்தது முதல் பதின்வயது வரை பின்தொடர்ந்து ஆராய்ந்தது. பராமரிப்பின் தரம் நன்றாக இருந்த இடங்களில் குழந்தைகளின் மொழியும் சிந்தனைத் திறனும் ஓரளவு மேம்பட்டிருந்தன. பார்த்துக்கொள்பவர் குழந்தையோடு எவ்வளவு பேசினார், அது பேசியதற்கு எப்படிப் பதில் சொன்னார் என்பது அந்தத் தரத்தின் பெரும்பகுதி. உங்கள் மகள் நான்கைந்து சொற்களைச் சேர்த்துப் பேசுகிறாள் என்றீர்கள். அவளோடு யாரோ நிறையப் பேசியிருக்கிறார்கள். நீங்கள் பேசியிருக்கிறீர்கள், அந்த அக்காவும் பேசியிருக்கிறார்.

ஐம்பது வரை எண்ணுகிற பையன்

ஓர்ப்படியின் மகனைப் பற்றிக் குறைவாகச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஒப்பிப்பது குழந்தைக்கு மகிழ்ச்சி. சந்தத்தையும் வரிசையையும் நினைவில் வைத்துக்கொள்வது நல்ல பயிற்சியும்கூட. ஆனால் எண்களின் பெயரைச் சொல்வதும் எண்ணிக்கை புரிவதும் ஒன்றல்ல. ஒப்பிக்கத் தெரிந்த இரண்டரை வயதுக் குழந்தையிடம் பத்துக் கரண்டிகளை வைத்து "மூன்று எடுத்துக் கொடு" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் கைநிறைய அள்ளிக் கொடுக்கும். ஆராய்ச்சியாளர்களும் இப்படிக் கேட்டுத்தான் எண்ணறிவைச் சோதிக்கிறார்கள். முதலில் 'ஒன்று' புரிகிறது, சில மாதங்கள் கழித்து 'இரண்டு', இன்னும் சில மாதங்கள் கழித்து 'மூன்று'. கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்த எண்ணிக்கை என்ற விதி பெரும்பாலான குழந்தைகளுக்கு மூன்றரை, நான்கு வயதை ஒட்டிப் பிடிபடுகிறது. வீட்டில் தட்டு எடுத்து வைக்கும்போது "அப்பாவுக்கு ஒன்று, உனக்கு ஒன்று" என்று சொல்வதே அந்த வழியில் அவளை நடத்திச் செல்லும்.

எழுதுவதும் அப்படித்தான். பென்சிலை மூன்று விரல்களால் பிடித்து நகர்த்தும் முதிர்ந்த பிடி நான்கு முதல் ஆறு வயதுக்குள் படிகிறது. அதற்கு முன்னால் புள்ளிகளை இணைக்கச் சொல்லிக் கையைப் பிடித்து எழுத வைத்தால் குழந்தை கற்பது சலிப்பைத்தான். மண்ணைப் பிசைவது, தண்ணீரை ஊற்றுவது, காகிதத்தைக் கிழிப்பது, ஏறி இறங்குவது ஆகியவையே அந்த விரல்களையும் தோளையும் எழுதத் தயாராக்குகின்றன. தாள் தாளாக வீட்டுக்கு வருவது பெற்றோருக்குக் காட்டுவதற்காக. அதில் குழந்தையின் கை எவ்வளவு, ஆசிரியையின் கை எவ்வளவு என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

"பிறகு திணறும்" என்று பள்ளி சொன்னது உங்களை அதிகம் பயமுறுத்தியிருக்கிறது. மழலையர் கல்வியின் பலனுக்கு எடுத்துக்காட்டாக அடிக்கடி சொல்லப்படுவது அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 1962-இல் தொடங்கிய பெர்ரி பிரீ ஸ்கூல் ஆய்வு. 123 குழந்தைகளை நாற்பது வயது வரையும் அதற்குப் பிறகும் பின்தொடர்ந்தார்கள். அந்தப் பள்ளிக்குப் போனவர்களின் படிப்பும் வருமானமும் போகாதவர்களை விட மேம்பட்டிருந்தன; சட்டச் சிக்கல்கள் குறைவாக இருந்தன. அந்தக் குழந்தைகள் மிகவும் வறிய குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். சேர்ந்தது மூன்று, நான்கு வயதில். ஓர் ஆசிரியைக்கு ஆறேழு குழந்தைகள்தான். ஆசிரியை வாரந்தோறும் வீட்டுக்கே வந்து தாயோடு உட்கார்ந்து பேசினார். இதையெல்லாம் விட்டுவிட்டுப் பலனை மட்டும் எடுத்துச் சொன்னால் அது விளம்பரமாகிவிடும். அதே நாட்டின் டென்னசி மாநிலத்தில் நான்கு வயதுக் குழந்தைகளுக்கான அரசுத் திட்டம் ஒன்றை ஆராய்ந்து 2022-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். இடம் கிடைத்துச் சேர்ந்த குழந்தைகள், விண்ணப்பித்தும் இடம் கிடைக்காதவர்களை விட ஆறாம் வகுப்பில் தேர்வு மதிப்பெண்களில் பின்தங்கியிருந்தார்கள். நல்ல பிரீ ஸ்கூல் நன்மை செய்கிறது. பிரீ ஸ்கூல் என்று பெயர் வைத்திருப்பதாலேயே நன்மை வந்துவிடாது.

ஒரு நாளில் எத்தனை கைகள்

கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது அந்த வேன் யோசனை. அதன்படி ஒரு நாளை நினைத்துப் பாருங்கள். காலையில் உங்களிடமிருந்து பள்ளி வாசலில் ஒருவர் வாங்கிக்கொள்கிறார். உள்ளே ஆசிரியை. கழிப்பறைக்கு உதவியாளர். பன்னிரண்டரைக்கு வேனில் ஏற்றிவிட ஒருவர், உள்ளே ஓட்டுநர், பிறகு புது டே கேரில் புது முகங்கள். இரண்டே முக்கால் வயதுக் குழந்தைக்கு ஒவ்வொரு கைமாற்றமும் ஒரு சிறு பிரிவு. இப்போது அவளுடைய நாளில் காலையிலும் மாலையிலுமாக இரண்டே கைமாற்றங்கள். இரண்டு முனையிலும் அவள் நம்பும் ஆட்கள். அதைக் கலைத்துவிட்டு, கூடவே அக்காவையும் ஒரே நாளில் அவளிடமிருந்து எடுத்துவிடப் போகிறீர்கள். கிட்டத்தட்ட இரண்டு வருடம் தினமும் ஊட்டி, தூங்க வைத்து, விழுந்தபோது தூக்கியவர் அவர். குழந்தைக்குத் தாயோடு உள்ள பிணைப்பு வேறொருவரிடம் பாசம் வைப்பதால் தேய்வதில்லை. அக்காவை இழந்தால் அது அவளுக்கு உண்மையான இழப்பு. பெரியவர்களைப் போல அதைச் சொல்ல மட்டும் அவளுக்குத் தெரியாது.

தூக்கமும் இருக்கிறது. ஒன்று, இரண்டு வயதுகளில், அதாவது மூன்று நிரம்பும் வரை, பகல் தூக்கத்தையும் சேர்த்து நாளுக்கு 11 முதல் 14 மணி நேரம் குழந்தை தூங்க வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் பரிந்துரைத்தது. மூன்று, நான்கு வயதுகளுக்கு 10 முதல் 13 மணி நேரம். பன்னிரண்டரைக்கும் ஒன்றரைக்கும் இடையில் வண்டியில் இருக்கும் குழந்தை அங்கேயே கண் அயர்ந்து, இறங்கும்போது விழித்து, பிறகு தூங்காமல் மாலையை எட்டும். அப்போது செருப்பு மட்டும் பறக்காது.

வேனைத் தவிர்க்கவே முடியாத குடும்பங்களும் இதைப் படிப்பார்கள். அவர்களுக்கு ஒன்று: வண்டியில் ஓட்டுநரைத் தவிர இன்னொரு பெரியவர் இருக்க வேண்டும். யார் ஒப்படைத்தார், யார் பெற்றுக்கொண்டார் என்று கையெழுத்து வேண்டும். கடைசிக் குழந்தை இறங்கிய பிறகு ஒவ்வோர் இருக்கையையும் நடந்து போய்ப் பார்க்கும் வழக்கம் இருக்க வேண்டும். தூங்கிய குழந்தையைக் கவனிக்காமல் மூடிய வண்டியில் விட்டுவிட்டு உயிர் போன நிகழ்வுகள் பல நாடுகளில் நடந்திருக்கின்றன. இதைக் கேட்பதால் யாராவது முகம் சுளித்தால் பொருட்படுத்த வேண்டாம்.

இப்போதைய டே கேரில் எல்லாமே சரி என்றும் நான் சொல்லவில்லை. ஒன்பது மணி நேரம் நீளம்தான். கார்டிசால் என்ற அழுத்த ஹார்மோன் வீட்டில் இருக்கும் நாளில் காலையில் உயர்ந்து மாலைக்குள் இறங்கும். முழுநாள் குழுப் பராமரிப்பில் இருக்கும் சிறு குழந்தைகள் பலரிடம் அது பிற்பகலில் ஏறுவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன; மூன்று வயதுக்குக் கீழே இது கூடுதலாகத் தெரிகிறது. நான் மேலே சொன்ன 1991 ஆய்விலும், அதிக மணி நேரம் வெளியே இருந்த குழந்தைகளிடம் அடமும் முரட்டுத்தனமும் சற்றுக் கூடுதலாக இருந்ததாக ஆசிரியர்கள் சொன்னார்கள். பெரும்பாலும் அது இயல்பான வரம்பைத் தாண்டவில்லை. இதைப் படித்துப் பயப்பட வேண்டாம். ஆனால் வாரத்தில் இரண்டு நாளாவது அவளை ஐந்து மணிக்கே அழைத்துக்கொள்ள உங்களில் ஒருவரால் முடியுமா என்று பாருங்கள். புதிய பள்ளிக்கு மாற்றுவதை விட அந்த ஒரு மணி நேரம் அவளுக்கு அதிகம் செய்யும்.

எந்த இடத்திலும் கேட்க வேண்டியவை

1. ஒருவருக்கு எத்தனை குழந்தைகள்? அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் கழகமும் பொதுச் சுகாதாரச் சங்கமும் இணைந்து வகுத்த தரநிலைப்படி, 13 முதல் 35 மாதம் வரையிலான குழந்தைகளுக்கு நால்வருக்கு ஒரு பெரியவர், குழு எட்டைத் தாண்டக் கூடாது. மூன்று வயதில் ஏழு பேருக்கு ஒருவர், குழு பதினான்கைத் தாண்டக் கூடாது. உங்கள் டே கேர், எட்டுக் குழந்தைக்கு இருவர், இந்த அளவில் சரியாகப் பொருந்துகிறது. அந்தப் பிரீ ஸ்கூலில் பத்துப் பேருக்கு ஒருவர். உங்கள் நாட்டு விதி எதை அனுமதிக்கிறது என்றும் பாருங்கள். ஆனால் விதி அனுமதிப்பதாலேயே அது குழந்தைக்குப் போதும் என்று ஆகிவிடாது.

2. சொல்லாமல் வந்து பார்க்கலாமா? முதல் நாளே பெற்றோர் வாசலோடு நிற்க வேண்டும் என்ற விதியை நான் ஏற்கவில்லை. பாட நேரத்தில் கூட்டம் சேரக் கூடாது என்பது நியாயம். பழகும் காலத்தில் உடன் இருக்கவும், பிறகு எந்த நேரத்திலும் எட்டிப் பார்க்கவும் பெற்றோருக்கு வழி இருக்க வேண்டும். மறுக்கும் இடத்தில் குழந்தையை விடாதீர்கள்.

3. ஆடை நனைந்தால் என்ன செய்வார்கள்? பகலில் ஈரமாகாமல் இருக்கப் பழகுவது இரண்டு வயதிலும் நடக்கலாம், நான்கை நெருங்கும்போதும் நடக்கலாம். சேர்க்கைத் தேதிக்காக அவசரப்படுத்தினால் சில குழந்தைகள் மலத்தை அடக்கத் தொடங்கி மலச்சிக்கலில் போய் நிற்கிறார்கள். அதைச் சரிசெய்ய மாதக்கணக்கில் ஆகும். உடை மாற்றிவிட்டு அமைதியாக விளையாட அனுப்புகிறார்களா, மற்றக் குழந்தைகள் முன்னால் பேசுகிறார்களா என்பதிலேயே ஓர் இடத்தின் குணம் தெரியும்.

4. ஆட்கள் எவ்வளவு காலமாக இருக்கிறார்கள்? மாதத்துக்கு ஒரு முகம் மாறும் இடத்தில் எந்தப் பாடத்திட்டத்தாலும் பயன் இல்லை. இதே கேள்வியை உங்கள் டே கேரிலும் கேளுங்கள். அக்கா இன்னும் எவ்வளவு காலம் இருப்பார் என்று தெரிந்துகொள்வது உங்கள் முடிவுக்கே தேவை.

திரை இருக்கிறதா, அழும் குழந்தையை யார் தூக்குகிறார், வெளியே ஓடி விளையாட இடம் உண்டா என்பதையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்வதை விட அரை மணி நேரம் உள்ளே உட்கார்ந்து பார்த்தால் கூடுதலாகப் புரியும். அந்த வயதுக்குத் திரை ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது, குறைவாக இருந்தால் இன்னும் நல்லது என்பதும் உலகச் சுகாதார நிறுவனத்தின் அதே பரிந்துரையில் இருக்கிறது.

வேலையை விடுவது பற்றி

உங்களுக்கே வீட்டில் இருக்க வேண்டும் என்று ஆசை இருந்து, வருமானம் தாங்கும் என்றால், ஓராண்டு விலகி இருப்பதில் தவறே இல்லை. ஆனால் கடிதத்தில் அந்த ஆசை எங்கும் இல்லை, பயம்தான் இருக்கிறது. மகளிடம் இல்லாத ஒரு குறையைச் சரிசெய்வதற்காக வேலையை விட்டால், ஆறு மாதம் கழித்து நீங்கள் வருந்தும்போது அந்த வருத்தமும் அவள் மீதுதான் போய் இறங்கும். 1991-இல் தொடங்கிய அந்த நீண்ட ஆய்வு தெளிவாகச் சொன்ன செய்தி ஒன்று உண்டு: டே கேரில் இருந்தார்களா இல்லையா என்பதை விட, வீட்டின் சூழலும் தாயின் பரிவும் குழந்தையின் வளர்ச்சியோடு வலுவாகத் தொடர்புகொண்டிருந்தன. ஒரு நாளின் பெரும்பகுதி வெளியே கழிந்தாலும் வீடுதான் முதலிடம்.

ஐக்கிய நாடுகள் அவையின் 1989-ஆம் ஆண்டுக் குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 18-ஆம் பிரிவு, குழந்தையை வளர்க்கும் பொறுப்பு தாய், தந்தை இருவருக்கும் பொதுவானது என்கிறது. வேலைக்குப் போகும் பெற்றோரின் குழந்தைகளுக்குப் பராமரிப்புச் சேவைகளால் பயன்பெறும் உரிமை உண்டு என்றும் சொல்கிறது. ஆகவே மகளை டே கேரில் விட்டதற்காக நீங்கள் யாரிடமும் தலைகுனிய வேண்டியதில்லை. கணவரிடம் ஒரு கேள்வியை வையுங்கள். சண்டையாக அல்ல, கணக்காக. "நீ வேலையை விடு" என்பதற்கு முன்னால், வாரத்தில் இரண்டு மாலை அவர் சீக்கிரம் வந்து மகளை அழைத்துக்கொள்ள முடியுமா? நேர மாற்றத்துக்கு அவருடைய அலுவலகத்தில் கேட்டுப் பார்த்தாரா? முழுக் கடிதத்திலும் மகளை விடுவதும் அழைப்பதும் நீங்கள் மட்டுமே.

மாமியாரை ஒருநாள் டே கேருக்கு அழைத்துப் போங்கள். பேத்தி அங்கே எப்படி இருக்கிறாள் என்று அவர் பார்த்ததில்லை என்று நினைக்கிறேன். அவர் கேட்டது குத்தலாகப் பட்டாலும், பேத்தி பின்தங்கிவிடக் கூடாது என்ற அக்கறைதான் அதன் அடியில் இருக்கிறது. பார்த்துவிட்டு வந்த பிறகும் எண் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று அவர் விரும்பினால், கதை சொல்லும் பொறுப்பையும் சேர்த்து அவரிடமே கொடுங்கள். பாட்டியிடம் கற்பதற்குச் சேர்க்கைத் தேதி கிடையாது.

எப்போது, எப்படி மாற்றலாம்

இரண்டு வயதுக் குழந்தைகள் பெரும்பாலும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து தனித்தனியாக விளையாடுவார்கள். மூன்றைத் தாண்டும்போது ஒருவர் விளையாட்டுக்குள் ஒருவர் நுழைகிறார்கள். நான்கை ஒட்டி "நீ டாக்டர், நான் அம்மா" என்று பங்கு பிரித்துக்கொள்கிறார்கள். பிரீ ஸ்கூலின் கூட்டுச் செயல்பாடுகள் அப்போதுதான் குழந்தைக்குள் இறங்கும். ஆகவே உங்கள் மகளுக்கு மூன்று அல்லது மூன்றரை வயதில் பார்க்கலாம். சொன்னால் புரிந்துகொண்டு காத்திருக்கிறாள், கழிப்பறை, பசி, வலி இவற்றைப் புதிய ஆளிடமும் சொல்கிறாள், மற்றக் குழந்தைகளோடு சேர்ந்து விளையாட விரும்புகிறாள் என்றால் தயார் என்று பொருள்.

அதற்குள் டே கேர் பொறுப்பாளரிடம் பேசுங்கள். மூன்று வயதுக் குழந்தைகளுக்குக் கதை, பாட்டு, கட்டை அடுக்குவது, வண்ணம் என்று காலையில் ஒரு மணி நேரத்தை ஒதுக்க முடியுமா என்று கேளுங்கள். பல இடங்களில் இது ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும். பெற்றோருக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். பிறகு பிரீ ஸ்கூல் தேடும்போது, பிற்பகலில் இதே அக்காவிடம் திரும்பி வர முடிகிற தொலைவில் தேடுங்கள். ஒன்று மாறும்போது மற்றொன்று மாறாமல் இருக்கட்டும். முதல் வாரம் ஒரு மணி நேரம், நீங்களோ கணவரோ அருகில். அடுத்த வாரம் கொஞ்சம் தள்ளி. பிறகு முழு நேரம். வீடு மாறுவது, தம்பி தங்கை பிறப்பது போன்ற பெரிய மாற்றங்கள் நடக்கும் மாதங்களில் வேண்டாம். சொல்லாமல் நழுவிப் போகாதீர்கள். "சாப்பிட்டுவிட்டுத் தூங்கி எழுந்ததும் வருவேன்" என்று சொல்லிவிட்டு, அப்படியே வாருங்கள். புதுக் கூட்டத்தில் சேரும்போது முதல் சில மாதங்கள் சளி, காய்ச்சல் அடிக்கடி வரும். அதற்காக விடுப்பை இப்போதே கொஞ்சம் மிச்சம் வையுங்கள்.

பேச்சைப் பற்றி மட்டும் ஓர் எல்லையைச் சொல்லிவைக்கிறேன். மூன்று வயதில் அவள் பேசுவதில் முக்கால் பங்காவது வெளியாட்களுக்குப் புரிய வேண்டும். புரியவில்லை என்றாலோ, பெயர் சொல்லி அழைத்தால் திரும்பவில்லை என்றாலோ, கற்ற சொற்களை இழக்கிறாள் என்றாலோ, பள்ளி சரிசெய்துவிடும் என்று காத்திருக்காமல் குழந்தை மருத்துவரிடம் காட்டிக் கேட்கும் திறனையும் சோதித்துவிடுங்கள். நீங்கள் விவரித்த குழந்தைக்கு இப்போது அந்தத் தேவை தெரியவில்லை.

இந்த மாதக் கெடுவைப் பற்றி: அந்தப் பள்ளிக்குத் தொலைபேசியில் அழைத்து, இந்த ஆண்டு சேர்க்கவில்லை, அடுத்த ஆண்டுச் சேர்க்கை எப்போது தொடங்குகிறது என்று மட்டும் கேளுங்கள். வகுப்பைச் சிறிதாக்கியிருந்தால், பழகும் நாட்களில் உங்களை உள்ளே விட்டால், அப்போது போய்ப் பாருங்கள். இல்லையென்றால் வேறு பள்ளி தேட உங்களுக்கு முழுதாக ஓராண்டு இருக்கிறது.